பெருந்தொற்றும் இளையோர் புற்றுநோயும்

புற்றுநோய் என்றவுடன் முதியோரையே நாம் எண்ணுகின்றோம். 15 முதல் 39 வயது வரையுள்ள இளையோரையும் அந்நோய் பற்றுவதுண்டு. 2020-இல் உலகெங்கும் பரவிய கொரோனாப் பெருந்தொற்று அவர்களுக்கு இழைத்த தீங்கினை ஈண்டுக் காண்போம்.

முதியோர்க்கு வரும் புற்றுநோய்களுள் சில, அறிகுறி தோன்றுமுன்னரே பரிசோதனைத் திட்டங்களால் வெளிப்படுகின்றன. இளையோர்க்கு அத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் இல்லை. குருதிப்புற்று, நிணநீர்ப்புற்று, விரைப்புற்று, எலும்புப்புற்று முதலியவற்றைக் கண்டறியப் பெரும்பாலும் ஒரே வழிதான் உண்டு. உடலின் மாற்றத்தை உணர்ந்தவர் தாமே மருத்துவரை நாட வேண்டும். பெருந்தொற்று அடைத்தது அவ்வழியைத்தான்.

நம் நாட்டில் 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. நாடெங்குமுள்ள 41 புற்றுநோய் மருத்துவ நிலையங்களில் 2019 மார்ச் முதல் மே வரை 1,12,270 புதிய நோயாளிகள் பதிவாயினர். 2020-இல் அதே மூன்று மாதங்களில் பதிவானோர் 51,760 பேரே. எல்லா வயதினரும் அடங்கிய இக்கணக்கில் 54 விழுக்காடு வீழ்ச்சி காண்கின்றோம். குறைந்தது நோயன்று, நோயறிதலே.

இளையோர்க்குப் பிறிதோர் இடரும் நேர்ந்தது. ஹாட்ஜ்கின் எனும் நிணநீர்ப்புற்றில் காய்ச்சல், இருமல், களைப்பு ஆகியன தோன்றக்கூடும். கொரோனாவின் அறிகுறிகளும் அவையே. எனவே ஒன்றை மற்றொன்றாகக் கருதிக் காலங்கடத்த நேரிடும். தொலைபேசிவழி மருத்துவம் பெருகிய அந்நாளில், கழுத்துக் கட்டியைத் தொட்டறியும் வாய்ப்பும் அருகியது.

காலத்தாழ்வின் விளைவு யாது? பல்வகைப் புற்றுநோய்களில் அறுவை மருத்துவம் நான்கு வாரம் தாழ்ந்தால் இறப்பின் இடர் 6 முதல் 8 விழுக்காடு உயர்கின்றது என 2020-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. விரைப்புற்றும் ஹாட்ஜ்கின் நோயும் பரவிய பின்னும் பெரும்பாலும் குணமாகக்கூடியவை. ஆயினும் முற்றிய நிலையில் மருந்தின் அளவும் காலமும் மிகும். மகப்பேற்றுத் திறன் குன்றலாம். கல்வியும் தொழிலும் தடைப்படலாம். எஞ்சிய வாழ்நாள் நீண்டிருக்கும் இளையோர்க்கு இவ்விழப்புகள் சிறியன அல்ல.

பெருந்தொற்றின் நெருக்கடி நீங்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே திங்களில் அறிவித்தது. எனினும், நோயை மறைக்கும் நாணமும், திருமணம் தடைப்படுமோ என்னும் அச்சமும் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. அவையும் மருத்துவமனைக் கதவை அடைப்பனவே. வலியற்ற கட்டி, காரணமின்றி மெலிதல், வாரக்கணக்கில் தொடரும் காய்ச்சல் ஆகியவற்றைக் கண்டால் மாணவர்கள் உடனே கூறுக! பெரியோர்கள் "இந்த வயதில் என்ன நோய்?" என்று தள்ளாது, அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்க! இளமை நோயின்மைக்குச் சான்றாகாது என்பதே பெருந்தொற்றுக் காலம் நமக்குக் கற்பித்த பாடமாகும்.