சிறு சி.என்.சி. பொறியில் ரூட்டருக்குப் பதில் ஸ்பிண்டில்

1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட நாடாவில் பதிந்த எண்களின் கட்டளைப்படி தானே இயங்கும் மில்லிங் பொறியொன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன் கட்டுப்பாட்டுக் கருவி மட்டுமே பல அலமாரிகளை நிரப்பியது. இன்று அவ்வேலையைச் செய்யும் மின்பலகை உள்ளங்கையில் அடங்குகிறது. பொறியோ ஒரு மேசைமீது அடங்குகிறது. கல்லூரி மாணவர், மரவேலைக்காரர், ஓய்வு நேரத்தில் கருவி செய்து பார்க்கும் ஆர்வலர் எனப் பலரும் இத்தகைய சி.என்.சி. பொறிகளை வைத்திருக்கின்றனர்.

இப்பொறிகளுள் பெரும்பாலானவற்றில் வெட்டும் வேலையைச் செய்வது, தச்சர் கையில் பிடித்து மரத்தின் ஓரங்களை இழைக்கும் ரூட்டரே. அது மலிவானது, எங்கும் கிடைப்பது, பழுதுற்றால் எளிதில் மாற்றத்தக்கது. ஆயினும் சில மாதங்கள் பொறியைப் பயன்படுத்தியவர், ரூட்டரைக் கழற்றிவிட்டு அதற்கென்றே அமைந்த ஸ்பிண்டிலைப் பொருத்த விரும்புகின்றனர். (நூற்பாலைகளில் கதிர் என்று வழங்கும் உறுப்புக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். இங்குக் குறிக்கப்படுவது வெட்டுக்கருவியைத் தன் முனையில் ஏந்திச் சுழலும் உருளை வடிவ மோட்டார்.) இம்மாற்றத்தைப் பலர் ஆற்றலைக் கூட்டும் வழியென்று மட்டும் எண்ணுகின்றனர். உண்மையில் மாறுவது மோட்டாரின் இனமே.

ரூட்டரினுள் இருப்பது யூனிவர்சல் மோட்டார். வீட்டு மிக்சியில் இருப்பதும் இதுவே. சுழலும் பகுதிக்கு மின்னோட்டம் கார்பன் பிரஷ்களின் வழியே செல்கிறது. பிரஷ்கள் உராய்ந்து தேய்கின்றன, பொறி பறக்கிறது, பேரிரைச்சல் எழுகிறது. இதன் இயல்பான வேகம் மிக அதிகம். நிமிடத்திற்கு 10,000 முதல் 30,000 சுற்றுகள் வரை சுழலும் ரூட்டர்கள் சாதாரணமானவை. சுமை ஏறினால் வேகம் தாழ்ந்துவிடும். நல்ல ரூட்டர்களில் இதைச் சரிசெய்ய மின்னணுச் சுற்று உண்டு. மரத்தூளும் காற்றோடு உள்ளே இழுக்கப்படுகிறது. கையில் பிடித்துப் பத்து நிமிடம் வேலை செய்வதற்கென்று அமைந்த கருவியை, ஒரே பலகையில் நான்கு மணி நேரம் ஓயாமல் உழைக்கச் செய்வது அதற்கு உகந்ததன்று.

வேகம் மிகுதியாக இருப்பது நன்மைதானே என்று வினவலாம். மரத்திற்குப் பெரும்பாலும் நன்மையே, உலோகத்திற்கு அன்று. வெட்டுக்கருவியின் ஒவ்வொரு விளிம்பும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சீவலை எடுக்க வேண்டும். அலுமினியத்தில் அச்சீவலின் கனம் 0.05 மி.மீ. என்று கொள்வோம். இரு விளிம்புகள் உடைய கருவி நிமிடத்திற்கு 10,000 முறை சுழன்றால், அது நிமிடத்திற்கு 1,000 மி.மீ. முன்னேற வேண்டும். 24,000 முறை சுழன்றாலோ 2,400 மி.மீ. முன்னேற வேண்டும். வலுவற்ற சட்டம் உடைய சிறு பொறி உலோகத்தினூடே அவ்வளவு விரைவாகச் செல்ல இயலாது. மெல்லச் சென்றால், விளிம்பு சீவாமல் தேய்க்கிறது. தேய்த்தலால் வெப்பம் உண்டாகிறது. அலுமினியம் இளகிக் கருவியில் அப்பிக்கொள்கிறது. சிறிது நேரத்தில் கருவி ஒடிகிறது. ஆகவே உலோகம் வெட்டுவோருக்கு வேண்டுவது, வேகத்தைக் குறைத்தாலும் திருப்புவிசை குன்றாத மோட்டார்.

ஸ்பிண்டில் அத்தகையது. பெரும்பாலான ஸ்பிண்டில்களில் இருப்பது மும்முனைத் தூண்டல் மோட்டார். இதில் பிரஷ் கிடையாது. நிலையான கம்பிச்சுருள்களில் உண்டாகும் காந்தப்புலம் சுழல, அதைப் பின்தொடர்ந்து நடுத்தண்டும் சுழல்கிறது. காந்தப்புலம் எவ்வளவு விரைவாகச் சுழலும் என்பதை மின்னோட்டத்தின் அதிர்வெண் உறுதி செய்கிறது. இரு துருவங்கள் உடைய மோட்டாருக்கு நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைக் கொடுத்தால் நிமிடத்திற்கு 3,000 சுற்றுகளே கிடைக்கும். 400 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 24,000 சுற்றுகள் கிடைக்கும். அதனால்தான் ஸ்பிண்டிலோடு அதிர்வெண் மாற்றி என்னும் கருவியும் வாங்க நேர்கிறது. அது ஒருமுனை மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, பின்னர் நுண்ணிய துடிப்புகளாக நறுக்கி, வேண்டிய அதிர்வெண்ணில் மும்முனை மின்சாரமாகத் தருகிறது. நிரலில் எழுதும் கட்டளையாலேயே வேகத்தை மாற்றும் வசதியும் இதனால் வாய்க்கிறது.

பலர் தம் ஸ்பிண்டிலை முதல் நாளிலேயே எரித்துவிடுவதும் இக்கருவியால்தான். 220 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் என்று பெயர்ப்பலகையில் குறித்த மோட்டாருக்கு, அதிர்வெண் குறையக் குறைய மின்னழுத்தமும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். 200 ஹெர்ட்ஸில் 110 வோல்ட். 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 27 வோல்ட். ஆனால் அதிர்வெண் மாற்றிகள் பல, சாதாரணத் தொழிற்சாலை மோட்டாருக்கு ஏற்ப, 50 ஹெர்ட்ஸிலேயே முழு மின்னழுத்தத்தையும் தரும்படி அமைக்கப்பட்டு வருகின்றன. அவ்வமைப்பை மாற்றாமல் ஸ்பிண்டிலை இயக்கினால், 27 வோல்ட் போதுமான இடத்தில் 220 வோல்ட் பாய்கிறது. இரும்பகத்தின் காந்தம் தெவிட்டிவிட, மின்னோட்டத்தைத் தடுக்கக் கம்பியின் சிறு தடையைத் தவிர வேறொன்றும் இல்லை. காப்புச் சுற்று உடனே துண்டிக்காவிடில் சுருள் கருகிவிடும். எனவே அடிப்படை அதிர்வெண், உயர்ந்த அதிர்வெண், மின்னழுத்தம், மின்னோட்ட வரம்பு ஆகியவற்றைப் பெயர்ப்பலகையோடு ஒப்பிட்டுப் பதிந்த பின்னரே மோட்டாரை இணைத்தல் வேண்டும். நான்கு துருவ ஸ்பிண்டில்களும் உள்ளமையால், துருவங்களின் எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது நன்மை துல்லியம். வெட்டுக்கருவி தன் அச்சில் நேராகச் சுழலாமல் 0.05 மி.மீ. தள்ளாடுகிறதென வைத்துக்கொள்வோம். மேற்சொன்ன 0.05 மி.மீ. சீவலை எடுக்கும்போது, இரு விளிம்புகளில் ஒன்றே முழுச் சுமையையும் ஏற்க, மற்றது வெறுமனே சுற்றிவரும். 1 மி.மீ. பருமனுள்ள மெல்லிய கருவி இதைத் தாங்காது. பக்கவாட்டு விசையையும் அச்சுவிசையையும் ஒருங்கே தாங்கும் பேரிங்குகளும், நன்கு கடைந்த காலெட்டும் உள்ள ஸ்பிண்டிலில் இத்தள்ளாட்டம் 0.01 மி.மீ. அளவிற்குக் குறையக்கூடும். மலிவான காலெட்டை இட்டால் இந்நன்மை அங்கேயே முடிந்துவிடும்.

ஆற்றலைப் பற்றி ஒரு மயக்கம் நிலவுகிறது. 1.5 கிலோவாட் என்பது 24,000 சுற்றுகளில் கிடைக்கும் அளவு. அங்குத் திருப்புவிசை ஏறக்குறைய 0.6 நியூட்டன் மீட்டர். 12,000 சுற்றுகளில் திருப்புவிசை அதேதான், ஆற்றலோ பாதியாகிறது. இதற்காக 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலை வாங்குவோர் இருவகைத் தடைகளைச் சந்திக்கின்றனர். ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள அதைச் சிறு பொறியின் மேலச்சு தாங்க வேண்டும். மின்சாரம் நின்றதும் அது தானே கீழிறங்கிப் பலகையைக் குத்திவிடுவதுண்டு. மேலும், ஒருமுனை மின்சாரத்தில் அதன் அதிர்வெண் மாற்றி முழுச் சுமையில் 20 ஆம்பியருக்கு மேலும் இழுக்கலாம். நம் வீடுகளிலுள்ள 16 ஆம்பியர் சாக்கெட் அதற்குப் போதாது.

உயிருக்கே ஊறு செய்யக்கூடியது நிலத்தொடர்பு இன்மை. மலிவான ஸ்பிண்டில்கள் சிலவற்றில் நான்காவது முள் உடற்கூட்டோடு இணைக்கப்படாமலே இருக்கிறது. உள்ளே காப்பு பழுதானால், ஈரக்கையோடு தொடுபவருக்கு அவ்வுடற்கூடே மின்கம்பியாகிவிடும். மல்ட்டிமீட்டரால் அளந்து, தொடர்பில்லையேல் தனிக்கம்பியால் உடலை நிலத்தோடு இணைத்தல் வேண்டும். கசிவுமின் துண்டிப்பான் அடிக்கடி விழுகிறதென்று அதை நீக்கிவிடுவது பெரும்பிழை. அதிர்வெண் மாற்றிக்கு ஏற்ற வகையைப் பொருத்துவதே முறை. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மாற்றியின் மின்தேக்கிகள் சில நிமிடங்கள் உயர்மின்னழுத்தத்தை வைத்திருக்கும் என்பதை மூடியைத் திறப்பவர் மறக்கலாகாது. ஓடும்போது மோட்டாருக்கும் மாற்றிக்கும் இடையிலுள்ள இணைப்பைத் துண்டித்தால் மாற்றி பழுதாகும். ஆகவே அவசர நிறுத்தப் பொத்தானை அவ்விடத்தில் அமைக்காமல், மாற்றியையே நிறுத்தும்படி அமைக்க வேண்டும். மோட்டார்க் கம்பி உலோகப் பின்னலால் மூடப்பட்டதாக இருத்தல் நலம். இல்லையேல் அதன் மின்னிரைச்சல் எல்லைச் சுவிட்சுகளைக் குழப்பி, வேலையின் நடுவே பொறியை நிறுத்திவிடும்.

குளிர்விக்கும் முறை இருவகை. தண்டிலேயே விசிறி உடையது எளிது. ஆனால் குறைந்த வேகத்தில் விசிறியும் மெல்லச் சுழல்வதால் மோட்டார் சூடேறும். நீர் சுற்றிவரும் வகை அமைதியானது, நெடுநேர மெதுவான வேலைக்கும் ஏற்றது. ஆனால் பம்பு நின்றதை எவரும் கவனிக்காவிடில் கேடு.

வாரம் ஒருமுறை மெல்லிய பலகையில் பெயர் செதுக்குபவருக்கு இவ்வளவும் தேவையில்லை. ரூட்டரும் ஒரு சோடி புதுப் பிரஷ்களும் போதும். மாற்றத் துணிந்தவர், முதலில் வெட்டுக்கருவி இன்றிக் குறைந்த வேகத்தில் சில நிமிடங்கள் ஓடவிட்டு, படிப்படியாக வேகத்தை உயர்த்தி, பேரிங்குகளில் மசகு பரவ இடம் தர வேண்டும். ஒவ்வொரு படியிலும் மாற்றியின் திரையில் மின்னோட்ட அளவைப் பார்த்து, நிறுத்திய பின் உடற்கூட்டைத் தொட்டுச் சூட்டை அறிய வேண்டும். சுமையின்றியே மின்னோட்டம் பெயர்ப்பலகை அளவை நெருங்கினால், அமைப்பு எண்களில் ஏதோ தவறு இருக்கிறது. அதைத் திருத்திய பின்னரே மீண்டும் இயக்குதல் வேண்டும்.