மைக்ரோவேவ் அடுப்பும் கண்ணாடிப் பாத்திரமும்

நோயாளிக்குச் சிறிது சிறிதாகப் பலமுறை உணவளிக்க வேண்டிய வீடுகளில், கஞ்சியையும் பாலையும் சூடாக்க மைக்ரோவேவ் அடுப்பு பெரிதும் உதவுகிறது. அதற்குக் கண்ணாடிப் பாத்திரம் ஏற்றது என்பதையும் பலர் அறிவர். ஆயினும், எல்லாக் கண்ணாடியும் ஒரே தன்மை உடையதன்று.

மைக்ரோவேவ் கதிர்கள் பெரும்பாலும் கண்ணாடியைக் கடந்து சென்றுவிடும். உணவிலுள்ள நீரே அவற்றை ஏற்றுச் சூடாகிறது; அந்தச் சூடு பிறகு பாத்திரத்திற்குப் பரவுகிறது. கஞ்சி படும் பகுதி சூடேறி விரிவடையும்போது, மேல்விளிம்பு குளிர்ந்தே இருக்கும். இந்த வேறுபாடு மிகுந்தால் கண்ணாடியில் விரிசல் விழும்.

சாதாரணக் குவளைகளும் ஊறுகாய்ப் புட்டிகளும் பெரும்பாலும் சோடா சுண்ணாம்புக் கண்ணாடியால் ஆனவை. போரோசிலிகேட் கண்ணாடி வெப்பத்தால் விரிவது அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆகவே அது திடீர் வெப்ப மாற்றத்தை நன்கு தாங்கும். எனினும் அதற்கும் எல்லை உண்டு.

பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• மைக்ரோவேவுக்கு ஏற்றது என்னும் குறியுள்ள பாத்திரத்தையே பயன்படுத்துங்கள். கீறலோ விளிம்புச் சேதமோ உள்ளதையும், பொன் அல்லது வெள்ளிக் கரையிட்டதையும் தவிர்த்துவிடுங்கள்.

• உறைநிலையில் உள்ள பாத்திரத்தை உடனே அடுப்பில் வைக்காதீர்கள். சூடான பாத்திரத்தை ஈரமான கல்மேடையில் வைக்காமல், மடித்த உலர்ந்த துணியின்மேல் வையுங்கள்.

• மூடியை இறுக மூடாதீர்கள். நீராவி வெளியேற இடைவெளி விடுங்கள்.

• வழவழப்பான குவளையில் வெறும் நீர், 100 பாகை செல்சியசைக் கடந்தும் கொதிக்காமல் அமைதியாக இருக்கக்கூடும். அதில் தூளையோ கரண்டியையோ இட்டவுடன் பொங்கித் தெறிக்கும். ஆகவே அளவுக்கு மேல் சூடாக்காமல், அடுப்பு நின்றபின் சிறிது நேரம் பொறுத்து எடுங்கள்.

பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்து உணவின் சூட்டைக் கணிக்காதீர்கள். நன்கு கலக்கி, ஒரு துளியை மணிக்கட்டின் உட்புறத்தில் இட்டுப் பார்த்த பிறகே ஊட்டுங்கள். நீரிழிவால் கைகளில் உணர்ச்சி குறைந்தவர்கள் பாத்திரத்தைத் தாமே எடுக்காமலிருப்பது நலம்.

பாத்திரம் விரிந்தாலோ உடைந்தாலோ, உணவு முழுவதையும் கொட்டிவிடுங்கள். வடிகட்டிக் கொடுக்கலாம் என எண்ண வேண்டாம். கண்ணுக்குப் புலப்படாத சில்லும் வாயையும் தொண்டையையும் கிழிக்கும். விழுங்கச் சிரமப்படுபவர் அதை உணர்ந்து சொல்லவும் இயலாமற்போகலாம்.

சுடுநீர் பட்டால், அவ்விடத்தைக் குழாயில் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி, பற்பசை, மை எதையும் தடவாமல் மருத்துவரை அணுகுங்கள். ஒரு கிண்ணம் கஞ்சி வீணாவது இழப்பன்று. நோயாளியின் நலமே பெரிது.