வாசல் கோலம் துணியில் ஏறினால் வருமானம்



காலையில் சாணம் தெளித்து, புள்ளி வைத்து, கோலம் போடுகிறோம். மதியத்துக்குள் அது மிதிபட்டு அழிந்துவிடுகிறது. அதே கோலத்தைத் துணியில் தைத்தால் என்ன? இது புதுசு இல்லை. வங்காளத்துப் பெண்கள் அரிசி மாவுக் கரைசலில் போடும் 'அல்பனா' கோலத்தின் தாமரையையும் கொடியையும் 'காந்தா' தையலில் கொண்டுவந்தார்கள். கர்நாடகத்தில் தார்வாட் பக்கம் 'கசூதி' தையலில் கோபுரமும் துளசி மாடமும் வரும். அதில் முடிச்சே போடமாட்டார்கள். அதனால் துணியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

நம்ம சிக்குக் கோலம் தையலுக்கு ரொம்பப் பொருத்தம். புள்ளிதான் அளவு. கம்பி அறுபடாமல் ஓடுவதால் நூலை அடிக்கடி வெட்ட வேண்டாம்.

செய்முறை:

1. முதலில் கைக்குட்டை மூலையில் 5-3-1 நேர்ப்புள்ளிக் கோலம் போதும். ஸ்கேல் வைத்து 1 செ.மீ. இடைவெளியில் 13 புள்ளி வையுங்க. கோலம் சுமார் 5 செ.மீ. அகலம் வரும்.

2. பென்சிலால் லேசாகக் கம்பியை வரையுங்க. துணியை ரிங்கில் இறுக்கமாக மாட்டுங்க.

3. எம்பிராய்டரி நூலில் 6 இழை இருக்கும். 2 இழை மட்டும் பிரித்து எடுங்க. கம்பிக்குச் சங்கிலித் தையல் அல்லது காம்புத் தையல், புள்ளிக்கு முடிச்சுத் தையல்.

4. சிவப்பு, கறுப்பு நூல் சாயம் போகலாம். ஒரு துண்டை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்த பிறகு தையுங்க.

விலை வைப்பது எப்படி?

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். "வீட்டில் சும்மா இருக்கும்போது தைத்ததுதானே" என்று கூலியை விட்டுவிடுகிறோம். உதாரணத்துக்கு, துணி 20 ரூபாய், நூல் 10 ரூபாய், வேலை 2 மணி நேரம் என்று வையுங்க. மணிக்கு 40 ரூபாய் கூலி என்றால் அடக்கம் 110 ரூபாய். பேரம் பேசுகிறவருக்கு 50 ரூபாய்க்குக் கொடுத்தால், சாமான் செலவு போக மிச்சம் 20 ரூபாய். அதாவது ஒரு மணி நேரத்துக்கு 10 ரூபாய்! அது லாபமா? நீங்களே சொல்லுங்க. நேரத்தை நோட்டில் எழுதுங்க. குழுக் கூட்டத்தில் எல்லோரும் பேசி ஒரே விலை வையுங்க. ஆளுக்கொரு விலை சொன்னால் எல்லோருக்கும் நஷ்டம்.

நம்ம செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் ராணுவ அரண்கள் என்ற வரிசையில் உள்ள 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரி ஏற வருகிறவர்கள் ஊர் ஞாபகமாக ஏதாவது வாங்க நினைப்பார்கள். செஞ்சிப் பெண்கள் கையால் தைத்த கோலக் கைக்குட்டையும் துணிப்பையும் அதற்கு ஏற்றவை.

கோல நோட்டு இல்லாத வீடு உண்டா? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அதையும், ஒரு ஊசி நூலையும் எடுத்துக்கிட்டு வாங்க. சேர்ந்து தொடங்குவோம்!