விஸ்கிக்கு மதிப்பெண் போடுவது யார்?

புது தில்லி: இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலை 24 அன்று லண்டனில் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் ஜவுளி, தோல் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் என எத்தனையோ இனங்கள் இடம்பெற்றன. ஆனாலும் பேச்சுவார்த்தை நடந்த ஆண்டுகள் முழுவதும் தலைநகரில் ஓயாமல் பேசப்பட்டது ஸ்காட்ச் விஸ்கிதான். அதன் மீதான 150 சதவீத சுங்க வரியை ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் நாளில் 75 சதவீதமாகவும், பத்தாவது ஆண்டில் 40 சதவீதமாகவும் குறைக்க இந்தியா ஒப்புக்கொண்டது.

வரியைப் பற்றிய பேரம் அத்துடன் முடிந்தது. முடியாத பேரம் ஒன்று உண்டு. நல்ல விஸ்கி எது, அதற்கும் முன்னதாக, விஸ்கி என்பதே எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதே அது. இதனைக் குடிப்போரின் வீண் வம்பு என்று ஒதுக்கிவிட முடியாது. எண்ணிக்கையின்படி உலகிலேயே அதிக ஸ்காட்ச் வாங்கும் நாடாக இந்தியா ஆகிவிட்டது. ஸ்காட்ச் விஸ்கி சங்கத்தின் கணக்குப்படி 2024-இல் இங்கு வந்தவை ஏறத்தாழ 19.2 கோடி பாட்டில்கள். பண மதிப்பில் அமெரிக்காவே முதலிடம். அத்தனை வாங்கியும், இந்திய விஸ்கிச் சந்தையில் ஸ்காட்சின் பங்கு சுமார் 3 சதவீதம்தான் என்கிறது அதே சங்கம். எஞ்சிய 97 சதவீதத்துக்கு என்ன பெயர் சூட்டுவது என்பதில்தான் சிக்கல்.

முதலில் மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்போம். விஸ்கியைச் சுவைத்துத் தரம் காண்பது பெரும்பாலும் நாக்கின் வேலையன்று, மூக்கின் வேலை. ஸ்காட்லாந்தில் கலவை வல்லுநர்கள் நாள் ஒன்றுக்கு எத்தனையோ மாதிரிகளை முகர்ந்தே முடிவு செய்கின்றனர். அத்தனையையும் வாயில் ஊற்றினால் பிற்பகலில் அவர்களால் வேலை பார்க்க இயலாது. அடி அகன்று வாய் குறுகிய, துலிப் மலர் வடிவிலான சிறு கண்ணாடிக் குவளையே இதற்கு ஏற்றது. குறுகிய வாய் மணத்தைச் சிதறவிடாமல் திரட்டித் தரும். நிறத்தை நம்புவதற்கில்லை. ஸ்காட்ச்சில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது.

முகர்ந்தபின் ஒரு சிறு வாய். பின்னர் சில துளி நீர். மீண்டும் ஒரு வாய். நீர் சேர்ப்பது வெறும் வழக்கமன்று. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2017-இல் கணினி வழி ஆராய்ந்து, புகை மணம் தரும் குவாயகால் என்ற பொருள், நீர் சேர்க்கையில் திரவத்தின் மேற்பரப்பை நோக்கி வருகிறது என்று காட்டினர். சோடாவால் குவளையை நிரப்பும் நம் விருந்துகளின் பழக்கத்துக்கு இது சான்றாகாது. இங்கே பேச்சு சில துளிகளைப் பற்றியது.

நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் தரும் வழக்கத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர்கள் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்லர், ஆங்கில எழுத்தாளர்), அவருக்குப் பின் ஜிம் மர்ரே. மர்ரேயின் முறையில் மணம், சுவை, விழுங்கியபின் நிற்கும் சுவை, சமநிலை ஆகிய நான்குக்கும் தலா 25. பார்க்கப் பள்ளித் தேர்வு போலவே இருக்கும். ஆனால் தேர்வாளர் ஒருவரே. மறுமதிப்பீடு கோர வழியில்லை. அவர் நூலில் பெண்களைப் பற்றி வரும் ஆபாச வர்ணனைகளுக்கு 2020-இல் கடும் எதிர்ப்பு எழுந்து, லண்டனின் பெரிய விஸ்கி விற்பனை நிறுவனம் ஒன்று அந்நூலை விற்பதையே நிறுத்தியது. நுழைவுக் கட்டணம் பெற்றுப் பதக்கம் வழங்கும் போட்டிகளுக்கும் இன்று பஞ்சமில்லை. எனவே எந்த மதிப்பெண்ணையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை.

இருந்தும் அந்த மதிப்பெண்கள் இந்தியத் தொழில் ஒன்றின் தலையெழுத்தை மாற்றின. பெங்களூரில் 1948-இல் தொடங்கப்பட்ட அம்ருத் நிறுவனம், தன் சிங்கிள் மால்ட் விஸ்கியை 2004 ஆகஸ்டில் முதன்முதலாக விற்பனைக்கு வைத்த ஊர் பெங்களூர் அன்று, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ! கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதைதான். இந்திய விஸ்கி என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளித்தவர்களிடம், பெயரை மறைத்துச் சுவைக்கக் கொடுத்துத்தான் கதவைத் திறக்க முடிந்தது. பின்னர் மர்ரே தம் 2010-ஆம் ஆண்டுப் பதிப்பில் அம்ருத் ஃப்யூஷனுக்கு 97 மதிப்பெண் அளித்து, உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று அறிவித்தார். அதன் பிறகே நிறுவனம் தன் சிங்கிள் மால்ட்டைச் சொந்த ஊரில் விற்க முன்வந்தது. வெளியூரில் பட்டம் வாங்கினால்தான் உள்ளூரில் மதிப்பு என்ற நம் பழைய நோய்க்கு இது இன்னுமோர் எடுத்துக்காட்டு.

கோவாவின் பால் ஜான், உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர், ஹரியாணாவின் இந்த்ரி எனப் பிறகு வரிசை நீண்டது. இந்த்ரியின் தீபாவளிச் சிறப்புத் தயாரிப்பு 2023-இல் அமெரிக்கப் போட்டி ஒன்றில் அனைத்துப் பிரிவுகளுக்கும் மேலான விருதைப் பெற்றது.

இவை யாவும் ஸ்காட்லாந்து வகுத்த இலக்கணத்துக்கு உட்பட்டு அடைந்த வெற்றிகள். முளைகட்டிய பார்லி, செம்புக் கலன், ஓக் மரப் பீப்பாய் என எல்லாம் அங்குள்ள முறைதான். இலக்கணத்தின் ஒரு விதிதான் உறுத்துகிறது. ஸ்காட்ச் என்றால் குறைந்தது மூன்று ஆண்டுகள் பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் விஸ்கி என்ற பெயரில் விற்கப்படும் எதற்கும் இதே மூன்றாண்டை வலியுறுத்துகின்றன.

ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். தேவதைகளின் பங்கு என்று அதனை அவர்கள் செல்லமாகக் குறிப்பிடுவர். பெங்களூரில் தேவதைகளுக்குப் பேராசை; ஆண்டுக்கு 10 முதல் 12 சதவீதம் வரை பறந்துவிடும். நூறு லிட்டர் ஊற்றி வைத்தால் மூன்று ஆண்டுகளில் அங்கே 94 லிட்டர் மிஞ்சும், இங்கே ஏறத்தாழ 70. பத்து ஆண்டுகள் காத்திருந்தால் அங்கே 82, இங்கே 31. அதே வெப்பம், மரத்தின் சாரத்தை விரைவாக இழுத்தும் தருகிறது. ஆகவே பாட்டிலில் எழுதிய வயதைக் கொண்டு இரு நாட்டு விஸ்கிகளையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. வெப்ப நாட்டுக்கு மூன்றாண்டு விதி பொருந்தாது, அது வரியல்லாத தடை என்பதே இந்திய மதுபான நிறுவனங்களின் கூட்டமைப்பு பேச்சுவார்த்தைக் காலம் முழுவதும் முன்வைத்த வாதம். இவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் பிரிட்டன் அந்த விதியைத் தளர்த்தவில்லை.

நியாயம் குறைந்த பகுதியும் உண்டு. இந்தியாவில் விஸ்கி எனப் பெருவாரியாக விற்கப்படுவதில் கணிசமானது, சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகிலிருந்தோ தானியத்திலிருந்தோ வடித்த நடுநிலை எரிசாராயத்தில், மால்ட் சாராயமும் மணமும் நிறமும் சேர்த்தது. கழிவுப்பாகில் வடித்ததை ஐரோப்பா விஸ்கி என்று ஏற்பதில்லை; அங்கே அது ரம்மின் உறவுமுறை. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளோ, விவசாய விளைபொருளிலிருந்து வடித்த நடுநிலைச் சாராயத்திலும் விஸ்கி தயாரிக்க இடமளிக்கின்றன. சிங்கிள் மால்ட்டுக்காகப் பேசப்பட்ட வெப்பநிலை வாதத்தின் நிழலில் இந்தச் சரக்கையும் ஒதுங்க வைக்கத் தொழில்துறை முயன்றது என்றே சொல்ல வேண்டும்.

சொல் யாருக்கு உரியது என்னும் இவ்வழக்கு நீதிமன்றத்தையும் பார்த்திருக்கிறது. கோடே நிறுவனத்தின் 'பீட்டர் ஸ்காட்' என்ற பெயரை எதிர்த்து ஸ்காட்ச் விஸ்கி சங்கம் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் 2008 மே மாதம் அதனை மாற்றியது. சங்கம் பல ஆண்டுகள் வாளாவிருந்தது ஒரு காரணம். ஸ்காட்ச் வாங்குவோர் வசதியும் கல்வியும் உள்ளவர்கள், அவர்களுக்கு வேறுபாடு தெரியும், எளிதில் ஏமாறமாட்டார்கள் என்பது மற்றொரு காரணம். இந்தியக் குடிமகனின் நாவுக்குக் கிடைத்த மிக உயர்ந்த நற்சான்று அதுவாகத்தான் இருக்கும்.

வரிக்கே மீண்டும் வருவோம். வெளிநாட்டு மதுவுக்கு ஒரு காலத்தில் கூடுதல் வரியும் சேர்ந்து 550 சதவீதம் வரை விதிக்கப்பட்டதாக ஐரோப்பா உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டது. அமெரிக்காவும் வழக்குத் தொடுத்த நிலையில், 2007 ஜூலையில் இந்தியா அந்தக் கூடுதல் வரியைக் கைவிட்டது. 150 சதவீத அடிப்படைச் சுங்க வரி நிலைத்தது.

நாடாளுமன்றத்தில் போதிய விவாதத்துக்கு வராத மாற்றம் ஒன்று 2021 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் நிகழ்ந்தது. மதுபானங்களுக்கான 150 சதவீத அடிப்படை வரி 50 ஆக்கப்பட்டு, எஞ்சிய 100 சதவீதம் வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டு செஸ் என்று பெயர் மாற்றப்பட்டது. இறக்குமதியாளருக்கு ஒரு ரூபாய் வித்தியாசமும் இல்லை. மாநிலங்களுக்கு உண்டு. அடிப்படைச் சுங்க வரி மாநிலங்களுடன் பகிரப்படும், செஸ் பகிரப்படாது. ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள பாட்டிலுக்கு வசூலாகும் 1,500 ரூபாய் முழுவதும் பகிர்வுக்கு உரியதாக இருந்திருந்தால், 15-ஆவது நிதிக்குழு வகுத்த 41 சதவீதப்படி அனைத்து மாநிலங்களுக்கும் சேர்ந்து ஏறத்தாழ 615 ரூபாய் போயிருக்கும். புதிய ஏற்பாட்டில் போவது 205 ரூபாய். விஸ்கி குடிப்பவர் தரும் பணம் விவசாயியின் பெயரால் தில்லியில் தங்குகிறது.

மாநிலங்களும் சும்மா இருப்பதில்லை. மதுவின் மீதான ஆயத்தீர்வை அரசமைப்புச் சட்டப்படி அவற்றின் உரிமை. ஜிஎஸ்டி வளையத்துக்குள் குடிக்கும் மது வரவில்லை. இறக்குமதியாகும் ஸ்காட்சுக்கு 300 சதவீதம் விதித்துவந்த மகாராஷ்டிரம், கடத்தலையும் போலிச் சரக்கையும் தடுக்கவென 2021 நவம்பரில் அதனை 150 ஆகக் குறைத்தது. லண்டன் ஒப்பந்தம் இந்த வரிகளைத் தொடவில்லை. சுங்கச் சாவடியில் குறையும் தொகையில் எவ்வளவு கடையின் விலைப்பட்டியல் வரை வந்து சேரும் என்பதை ஒவ்வொரு மாநிலத் தலைநகரிலும் தனித்தனியாகவே கணக்கிட வேண்டியிருக்கும்.