ரயில் நின்றால் வோல்டேஜைக் கூட்டாதீர்கள்

திருவட்டாறில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலேற வேண்டுமென்றால் குழித்துறைக்குத்தான் போக வேண்டும். ஆனால் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த பகுதி இது. விடுமுறைக்கு வருபவர்களின் பெட்டிக்குள் பிள்ளைகளுக்கென்று மின்ரயில் செட்டும் வந்து இறங்குகிறது. இணையத்தில் வாங்குபவர்களும் உண்டு. மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கடையில் வாங்குபவர்களும் உண்டு. எங்கே வாங்கியிருந்தாலும் ஒரு மழைக்காலம் கழிந்ததும் எழும் புகார் ஒன்றுதான். இன்ஜின் பாதி வழியில் நிற்கிறது, விரலால் தள்ளினால் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. “கரண்டு காணாது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டுப் பெரியவர் வேறொரு அடாப்டரைத் தேடப் போவார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இந்த ரயில்களில் பல, தண்டவாளத்தில் வரும் ஏறத்தாழ 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடுபவை. ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. சக்கரம் மின்சாரத்தை வாங்கும். சக்கரத்தின் பின்புறத்தை உரசிக்கொண்டிருக்கும் மெல்லிய தகடு அதை மோட்டாருக்குக் கடத்தும். இந்த ஏற்பாட்டைத்தான் பிக்கப் என்கிறோம். சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் குண்டூசித் தலையைவிடச் சிறியது. அங்கே துருவோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்தால் போதும், பாதை அறுந்துவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டத்தில், மலிவு செட்டுகளின் இரும்புத் தண்டவாளம் துருப்பிடிப்பதில் வியப்பில்லை. பித்தளையும் கறுக்கும். நிக்கல் சில்வர் எனப்படும் கலவை உலோகம்தான் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

வழி அடைபட்டிருக்கும்போது வோல்டேஜைக் கூட்டினால் என்ன ஆகும்? அழுக்கின் இடைவெளியில் பொறி பறக்கும். அந்தப் பொறியே இன்னும் கரியைப் படியவைக்கும். எங்கோ ஓரிடத்தில் தொடர்பு திடீரென்று கிடைத்ததும் இன்ஜின் பாய்ந்து தடம்புரளும். சாய்ந்த உலோகச் சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். செட்டோடு வந்த நல்ல கன்ட்ரோலர் என்றால் உடனே தானாக நின்றுவிடும். பைக்கிலிருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரி நிற்காது. வோல்டேஜ் ஒன்றுதானே என்று நினைக்கிறோம். அந்தப் பேட்டரியால் பல பத்து ஆம்பியரைக் கொட்ட முடியும். கம்பி பழுக்கும், பிளாஸ்டிக் உருகும்.

அதைவிட மோசம் பெயர் தெரியாத மலிவு அடாப்டர். நல்ல அடாப்டருக்குள் 230 வோல்ட் பகுதிக்கும் வெளிவரும் பகுதிக்கும் நடுவே உறுதியான காப்பு இருக்கும். மலிவுச் சரக்கில் அது பெயரளவுக்குத்தான். காப்பு உடைந்தால் வீட்டு மின்சாரம் நேரே தண்டவாளத்துக்கு வந்துவிடலாம். தண்டவாளம் என்பது தரையில் விரித்துவைத்த காப்பில்லாத கம்பி; அதன்மேல் கைவைத்து விளையாடுவது குழந்தை. ஹார்ன்பி பெயரில் 1925-இல் இங்கிலாந்தில் வந்த முதல் மின்ரயிலே, வீட்டு மின்சாரத்தை நடுவில் ஒரு பல்பை மட்டும் வைத்துத் தண்டவாளத்துக்கு அனுப்பியது. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். இன்று மின் பொம்மைகளுக்கான தரநிலை 24 வோல்ட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. நூறாண்டுக்கு முன் அவர்கள் விட்டொழித்த ஆபத்தை நாம் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆகவே முதலில் நோயைக் கண்டுபிடிப்போம். இதற்கு எதையும் கழற்ற வேண்டாம். இன்ஜினைக் கவிழ்த்துப் பிடியுங்கள். செட்டோடு வந்த கன்ட்ரோலரிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்து, இடப்பக்கம் ஒரு சக்கரத்தையும் வலப்பக்கம் ஒரு சக்கரத்தையும் தொடுங்கள். மோட்டார் சுற்றினால் மோட்டார் நலம். இப்படியே ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டு வந்தால் எந்தச் சக்கரம் மின்சாரம் எடுக்கவில்லை என்பது தெரிந்துவிடும். சில சக்கரங்களில் பிடிமானத்துக்காக ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். அவை மின்சாரம் எடுக்காது, அது குறையல்ல. ஒரே இடத்தில் மட்டும் ரயில் நிற்கிறதென்றால் குற்றம் இன்ஜினில் இல்லை, அங்கே தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகடான பிஷ் பிளேட் தளர்ந்திருக்கலாம்.

சுத்தம் செய்ய பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய வேட்டித் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுத் தண்டவாளத்தின் மேற்புறத்தைத் துடையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும். சக்கரத்துக்குப் பஞ்சுக் குச்சி போதும். எளிதில் தீப்பிடிக்கும் திரவம் என்பதால் ஜன்னலைத் திறந்துவைத்து, முழுதும் உலர்ந்தபிறகே மின்சாரம் கொடுங்கள். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கைத் தின்னும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முதல் நாள் பளபளக்கும்; பிறகு கீறல்களுக்குள் அழுக்கு குடியேறும். தையல் மிஷின் எண்ணெய் தண்டவாளத்துக்கு ஆகாது.

வாரண்டி முடிந்த இன்ஜின் என்றால் கைவேலைக்கு இடமுண்டு. பழைய ரிலேயில் இருக்கும் பாஸ்பர் பிரான்ஸ் தகட்டை வெட்டி, மின்சாரம் எடுக்காத சக்கரங்களின் பின்னால் உரசுமாறு பற்றவைக்கலாம். இன்ஜினுக்குப் பின்வரும் பெட்டியின் உலோகச் சக்கரங்களிலிருந்தும் எடுத்துவரலாம். எத்தனை சக்கரம் மின்சாரம் எடுக்கிறதோ அத்தனைக்கு ஓட்டம் சீராகும். மோட்டாருக்குக் குறுக்கே கெப்பாசிட்டர் வைத்தால் நிற்காது என்று வீடியோவில் பார்த்துவிட்டுச் செய்பவர்கள் கவனிக்கவும்: சாதாரண டிசி ரயிலில் பின்னோக்கி ஓட்டும்போது முனைகள் மாறும். நேர், எதிர் முனை பார்த்து இணைக்க வேண்டிய கெப்பாசிட்டர் அப்போது வெடிக்கலாம்.

புதிதாக வாங்கிய இன்ஜின், துடைத்த பிறகும் ஓடவில்லை என்றால் அது உங்கள் தலைவலி அல்ல, விற்றவருடையது. வாரண்டி நடப்பில் இருக்கும்போது ஸ்க்ரூடிரைவரைத் தொடாதீர்கள். மேலே சொன்ன சோதனையை வீடியோ எடுங்கள். பெட்டி, பில், அடாப்டரின் மேல் ஒட்டியுள்ள சீட்டு எல்லாவற்றையும் படம்பிடித்து வையுங்கள்.

பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. திரும்பக் கொடுக்கும் காலம் பில்லில் குறிக்கப்படவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அட்டை சுவரில் தொங்குவதால் அந்த உரிமை போய்விடாது. இணைய வணிகத் தளம் என்றால் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அதற்கும் மசியவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். அடுத்த படி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். குறையை ஆய்வகத்தில் சோதித்தறிய வேண்டிய வழக்கை 5 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுபடும் வழக்குகளும் உண்டு. பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும்போது, வீட்டில் பிரித்துப் பார்த்த இன்ஜின் என்றால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது ஐஎஸ்ஐ முத்திரை. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். மின் பொம்மைக்கான எண் ஐஎஸ் 15644. முத்திரையோடுள்ள உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் உண்மையா போலியா என்று தெரியும். ஒரு நுணுக்கம் உண்டு. அந்த ஆணை 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொருள்களுக்கானது. பெரியவர்கள் சேகரிக்கும் விலையுயர்ந்த மாதிரி இன்ஜின்களில் முத்திரை இல்லாமல் இருக்கலாம். அதைச் சாக்காக வைத்து, பெட்டியில் குழந்தைப் படமும் போட்டு, மூலையில் பொடி எழுத்தில் ‘14+’ என்று அச்சிட்டுத் தப்பப் பார்க்கும் சரக்கை நான் வாங்கமாட்டேன்.

துபாயிலிருந்தும் தம்மாமிலிருந்தும் வரும் செட்டுகளுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு கைக்கெட்டாது; விற்றவர் அங்கே இருக்கிறார். பில்லை வாங்கி வைத்து, அடுத்த பயணத்தில் அந்தக் கடையிலேயே மாற்றுவதுதான் நடக்கிற காரியம். அங்கத்திய மூன்று முனை பிளக் நம் சாக்கெட்டில் நுழையாது என்பதற்காக அதை வெட்டி எறிந்துவிட்டு, கம்பியைத் தீக்குச்சி வைத்துச் செருகும் பழக்கம் வேண்டாம்; தரமான மாற்று பிளக் வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த செட் என்றால் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் சரி. 120 என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய சற்று நேரத்தில் புகைந்துவிடும்.