கழிமுகத்திற் கொடுவா மீன் பிடித்தல்

மட்டக்களப்பு வாவிக்கரையில் வயல் செய்யும் கமக்காரர் பலரிடம் சிறு தோணியொன்று உண்டு. மறுகரையிலுள்ள வயலுக்குப் போய்வர உதவும் அத்தோணி, பெரும்போக அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்த பின்னர் கொடுவா பிடிக்கவும் பயன்படுகின்றது. கொடுவாவுக்குச் சந்தையில் நல்ல விலை கிடைக்கும். ஆயினும், மீனைக் கொண்டுவரும் வற்று நீரே தோணியையும் கடலுக்கு இழுத்துச் செல்லவல்லது. ஆகையால் இத்தொழிலில் இறங்குவோர் மீனின் இயல்பையும் நீரின் இயல்பையும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும்.

வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. வடக்கே பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் அது கடலோடு சேர்கின்றது. கோடையில் இவ்வாய்களை மணல் அடைத்துக்கொள்ளும். வடகீழ்ப் பருவமழையால் ஆறுகள் பெருகும்போது மணற்றிட்டு உடையும். உடையாதவிடத்துத் தாழ்ந்த வயல்களை வெள்ளத்தினின்றும் காக்கும்பொருட்டு அது வெட்டிவிடப்படும். வயலைக் காப்பதற்காகத் திறக்கப்படும் அவ்வாய், கொடுவாவின் வாழ்க்கைக்கும் வாயிலாக அமைகின்றது.

கொடுவா நன்னீரிலும் உவர்நீரிலும் வளரும். முட்டையிடுவதற்கு மாத்திரம் உப்புமிக்க கழிமுக நீரை நாடும். பூரணையையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில், பெருக்கு நீர் முட்டைகளை உள்ளே கொண்டுசெல்லத்தக்க வேளையில், அது முட்டையிடுகின்றது. ஒரு பெருந்தாய்மீன் இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். அவை ஒருநாளுக்குள்ளேயே பொரித்துவிடும். குஞ்சுகள் கண்டற்காடுகளின் நிழலுக்கும், ஓடைகளுக்கும், சிலவேளை வயல் வடிகால்களுக்குங்கூட ஏறிவரும். தலையிலும் பிடரியிலும் வெண்கோடுகள் கொண்ட கபிலநிறக் குஞ்சை வடிகாலிற் காண நேர்ந்தால், அது பெரும்பாலும் கொடுவாக் குஞ்சேயாம்.

இம்மீனிடம் வியப்புக்குரிய இயல்பொன்றுண்டு. அது முதலில் ஆணாக முதிர்ந்து, பின்னர் பெண்ணாக மாறுகின்றது. 1970களில் தாய்லாந்தில் இதனைச் செயற்கையாகப் பொரிக்கச் செய்யும் முறை வகுக்கப்பட்டது. அங்கு கண்டவாறு, ஒன்றரை முதல் இரண்டரைக் கிலோகிறாம் நிறையுள்ளவை பெரும்பாலும் ஆண்கள். நான்கு முதல் ஆறு கிலோகிறாம் வரை வளர்ந்தவற்றுட் பெரும்பாலானவை பெண்கள். ஆகவே மிகப் பெரிய மீன்களையே தேடிப் பிடித்தால், முட்டையிடும் தாய்களே வாவியில் அருகிவிடும். இதே மீன் வாழும் அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்துக் கீழ்க்கரையில், 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதையும் நீரிலேயே விட்டுவிடல் வேண்டுமென விதி உள்ளது. வியாபாரி பெரிய மீனை விரும்புவானாயினும், நடுத்தர மீனை எடுத்துப் பெரியதை விடுவதே வாவிக்கு நன்று.

மேல்நாடுகளிற் பலர் 'கயாக்' என்னும் ஒருவர் ஓடத்திலிருந்து கழிமுகத்தில் தூண்டிலிடுகின்றனர். அவர்கள் பிடிப்பது வேறொரு மீனினமெனினும், ஓடத்தின் சிறப்பு ஒன்றே: அதற்கு இயந்திர ஓசையில்லை, ஆழங்குறைந்த இடத்திலும் செல்லும். சிறு தோணிக்கும் அச்சிறப்பு உண்டு. துடுப்பைத் தோணியின் விளிம்பில் முட்டவிடுபவன் அச்சிறப்பை இழந்துவிடுகின்றான்.

கொடுவா இரையைத் துரத்தி அலைவதிலும் பார்க்க, மறைந்து காத்திருப்பதையே விரும்பும். கண்டல் வேர்களின் ஓரம், பாலத்தூண்களின் நிழல், விழுந்த மரத்தின் கீழ் ஆகியவை அதன் இருப்பிடங்கள். வற்று நீர் ஓடைகளிலிருந்து இறங்கும்போது இறாலும் சிறுமீனும் அதனோடு இறங்கும். ஓடைவாயிற் கொடுவா காத்துநிற்கும். இலங்கையில் வற்றுக்கும் பெருக்கிற்குமுள்ள வேறுபாடு இரண்டடி அளவே. எனினும் குறுகிய வாயில் அது வலிய நீரோட்டத்தை உண்டாக்கும். வற்றின் பிற்பாதி அதிகாலையிலோ மாலைக்கருக்கலிலோ அமையும் நாளே தக்க நாள்.

உயிருள்ள இறாலே சிறந்த இரை. அதனை வாலருகே கொளுவினால் நெடுநேரம் உயிரோடிருக்கும். கொடுவாவின் செவுள்மூடி கத்திபோற் கூரியது, வாயோ அரம்போன்றது. ஆகையால் தூண்டிலை அடுத்த ஒரு முழம் அளவிற்குத் தடித்த தங்கூசி கட்டுதல் வேண்டும். தோணியை ஓடைவாய்க்கு மேனீரில் நிறுத்தி, இரையை நீரோட்டத்தோடு ஓரத்திற்குச் செல்லவிட வேண்டும். மீன் வாயை அகலத் திறந்து நீரோடு இரையை உறிஞ்சும்; அப்போது கயிற்றை வெடுக்கென இழுக்காது, இறுகும்வரை பொறுத்திருந்து இழுத்தல் நன்று. அது துள்ளித் தலையை உதறும்போது கயிற்றைத் தாழ்த்திப் பிடிக்காவிடில் தூண்டில் கழன்றுவிடும். கயிற்றைக் கையிற் சுற்றிக்கொள்வது பேராபத்து.

நங்கூரக் கயிற்றைத் தோணியின் பக்கத்தில் ஒருபோதும் கட்டலாகாது; முன் அணியத்திலேயே கட்டுதல் வேண்டும். பக்கத்திற் கட்டிய தோணியை நீரோட்டம் கவிழ்த்துவிடும். கயிற்றை அறுக்கக் கத்தியொன்று கைக்கெட்டிய இடத்திலிருக்க வேண்டும். முதலில் நீரோட்டத்தை எதிர்த்துச் சென்று, திரும்பும்போது அதனோடு வருவதே முறை. ஆனால் முகத்துவாரம் திறந்துள்ள காலத்தில், வாய்க்கு அண்மையில் இம்முறை பயன்படாது. களைத்தவனை வற்று நீர் நேரே அலைவாய்க்குக் கொண்டுசெல்லும். மணற்றிட்டு புதிதாக வெட்டப்பட்ட நாட்களில் அப்பக்கம் செல்லாதிருத்தல் வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களிற் பிற்பகலில் வாவியைக் குறுக்கே கடத்தலும் ஆகாது. மிதவையங்கியின்றித் தனியே செல்லலாகாது. வாவியில் முதலைகளும் உள. மீனைக் கழுவுவதற்கு இருளில் நீரில் இறங்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

விடவேண்டிய மீனைத் தாடையிற் பிடித்துத் தூக்காமல், நனைந்த கையால் நீரிலேயே தாங்கித் தூண்டிலைக் கழற்ற வேண்டும். தோணிப் பதிவு, அனுமதிப்பத்திரம் என்பவை பற்றி மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் விசாரித்து அறிதல் வேண்டும்.

குஞ்சுகள் வடிகாலில் வளர்வதால், தோணியில்லாத கமக்காரருக்கும் இதிற் பங்குண்டு. பீடைநாசினி விசிறிய வயலின் நீரை, அதன் சிட்டையிற் குறித்த நாட்கள் கழியுமுன் வடிகாலில் விடலாகாது. மழை வருமெனத் தோன்றும் நாளில் விசிறுவதைத் தள்ளிப்போடுதல் வேண்டும். விசிறு கருவியையும் வெற்றுப் போத்தல்களையும் ஓடையிற் கழுவாது, வயலினுள்ளேயே கழுவி அந்நீரை அங்கேயே விடுதல் வேண்டும்.