தண்டு நிற்கட்டும், பிறகு கை வைப்போம்

பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோள அறுவடை தொடங்கிவிட்டால் களத்துமேடெங்கும் டிராக்டர் சத்தம்தான். வண்டி ஓரிடத்தில் நிற்க, பின்னால் கதிரடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். கதிரை அள்ளிப் போடுபவர், சாக்குப் பிடிப்பவர், சக்கையை ஒதுக்குபவர் என்று அதைச் சுற்றி நிற்பவர்களில் பலர் நம் காலனித் தெருக்களிலிருந்து கூலிக்குப் போனவர்கள். வண்டிச் சாவி இருப்பதோ வேறொருவர் கையில்.

வண்டியின் விசையை மெஷினுக்குக் கொண்டுபோவது ஓர் இரும்புத் தண்டு. பி.டி.ஓ. தண்டு என்பார்கள். வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9. மூன்று அங்குலத் தண்டு, மாட்டிய துணியை விநாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் சுற்றி இழுக்கும். ஐந்தரை மீட்டர் சேலைக்கு மூன்று விநாடி போதும். அபயக்குரல் எழுப்பக்கூட நேரம் இருக்காது.

ஒற்றைக் கிளட்ச் வண்டியில் மிதித்தால் சக்கரமும் தண்டும் சேர்ந்தே நிற்கும். இரட்டைக் கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டுமே நிற்கும். முழுக்க மிதித்தால்தான் தண்டும் நிற்கும். தண்டுக்குத் தனி லிவர் உள்ள வண்டிகளும் உண்டு. ரோட்டவேட்டர் ஓட்டுபவருக்கு இது வசதி. பின்னால் நிற்பவருக்கோ இதுதான் கண்ணி. வண்டி நின்றுவிட்டது என்று நம்பித்தானே சிக்கிய தட்டையை எடுக்கக் குனிகிறோம்!

எனவே விதி எளிது. பி.டி.ஓ. லிவரை விடுவிக்க வேண்டும். என்ஜினை அணைக்க வேண்டும். கை வைக்கப் போகிறவரிடம் சாவி இருக்க வேண்டும். தண்டு அசையாமல் நின்றதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஓடும் தண்டை ஒருபோதும் தாண்டக் கூடாது. தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை இல்லையென்றால் அந்த வேலைக்கு இறங்கக் கூடாது.

‘வண்டியை அணைங்க’ என்று ஒரு கூலிப்பெண் நிலக்காரரிடம் சொல்லிவிட முடிகிறதா? மறுநாள் வேலை போய்விடும் என்ற பயம் ஒருபுறம், தலைமுறையாய்ப் பழக்கிய அடக்கம் மறுபுறம். அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியாததற்கு விரலையும் கையையும் விலையாகக் கொடுக்கிறோம். விபத்துக்குப் பிறகு, ‘முந்தானையைச் சரியாகச் செருகவில்லை’ என்று பழியும் நம் மேலேயே விழுகிறது. உடைந்த உறையை மாற்றாதவரை யாரும் கேட்பதில்லை.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் டிராக்டர் கொண்டு செய்யும் விவசாய வேலை இடம்பெற்றது. தற்காலிகக் கூலிகளை ஒதுக்கிய வரியை 2000ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அந்த வேலையைச் சேர்த்தே வைத்திருக்கிறது. வெறும் கவனக்குறைவைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது. விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் கோர வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டையும் கூட வேலை செய்தவர்களின் சாட்சியத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். ‘கையில் ஏதோ தருகிறோம், வழக்கு வேண்டாம்’ என்பவரிடம் வெள்ளைத்தாளில் கைநாட்டு வைக்கக் கூடாது.

ஐ.டி.ஐ.யிலும் கல்லூரியிலும் படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு மாலை தெருவில் உட்கார்ந்து, எது கிளட்ச், எது பி.டி.ஓ. லிவர் என்று அம்மாவுக்கும் அக்காவுக்கும் படம் போட்டுக் காட்டட்டும். நாளை களத்தில் ஒருத்தி தனியாகச் சொன்னால் அதட்டல் வரும். பத்துப் பேரும் சேர்ந்து கையைக் கட்டி நின்றால் வண்டி அணையும்.